கலிஃபோர்னியாவின் 18 டாலர் பூங்காக் கட்டணமும் முதியோரும்

கலிஃபோர்னியாவில் மாநிலப் பூங்காக்களுக்காக ஒவ்வொரு வாகனத்திற்கும் ஆண்டுதோறும் 18 டாலர் வசூலிக்கப்படுவதாகவும், அதிலிருந்து முதியோருக்கு விலக்களிக்கப்பட்டிருப்பதாகவும், அது 'வெறும் வரி' என்றும் சொல்லப்படுவதுண்டு. முதல் இரண்டுமே சரியல்ல. 2010 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்த 21ஆம் முன்மொழிவு அந்தக் கட்டணத்தை வாகனப் பதிவோடு சேர்த்து விதிக்க முயன்று தோற்றதால், அது ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை. வணிக வாகனங்களையும் இழுவண்டிகளையும் விலக்கியிருந்த அதன் வரைவில் முதியோருக்கென்று தனி விலக்கு ஏதும் இல்லை. அதே சமயம், கட்டணம் செலுத்திய வாகனங்கள் பகல் நேரத்தில் பூங்காக்களுக்குள் இலவசமாக நுழையலாம் என்பதும் அதில் இருந்தது; இதைச் சொல்லாமல் 'வெறும் வரி' என்று குறிப்பிடுவது நியாயமாகப் படவில்லை. கலிஃபோர்னியாவின் மாநிலப் பூங்காக்களில் 62 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உண்மையில் கிடைப்பது நுழைவுச் சீட்டுச் சலுகையே (அதற்கும் வருமானம், பருவகாலம் சார்ந்த நிபந்தனைகள் உண்டு). வாகனப் பதிவுக்கும் அந்தச் சலுகைக்கும் தொடர்பில்லை.