"டிராப் எங்க சார்? கேஷா, ஆன்லைனா?"

சென்னையில் ஆப்பில் கார் போட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் குரல் மனப்பாடம். வணக்கம் கிடையாது. பதில் சொன்னதும் போன் கட். அடுத்த பத்து நிமிடம் மேப்பில் அந்த வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். டாக்சி டிரைவர்களைப் பற்றிய புலம்பல்களில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் கட்சி இதுதான்: மூஞ்சியைக் காட்டுகிற டிரைவர் வேறு, ஏமாற்றுகிற டிரைவர் வேறு. நாம் இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டுகிறோம். ஏமாற்றுகிறவர் பெரும்பாலும் சிரித்தபடி பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, "வாங்க சார், பாத்துப் பண்ணிக்கலாம்" என்பார். கடுகடுவென்று இருப்பவர் மனதில் ஓடுவது அநேகமாக ஒரு கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். உங்கள் சவாரி 4 கிலோமீட்டர், 120 ரூபாய் காட்டுகிறது. வண்டி இருப்பது 3 கிலோமீட்டர் தள்ளி. கமிஷன் 25 சதவீதம் என்று வையுங்கள், 30 ரூபாய் போயிற்று. 7 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு, டிராஃபிக்கில் ஏசியோடு, கேஸ் 30 ரூபாய்க்குக் குறையாது. மிச்சம் 60. சாயங்காலம் ஆறரை மணிக்குத் தி.நகரில் இந்த 60 ரூபாய்க்கு முக்கால் மணி நேரம் போகும். அதிலிருந்துதான் வண்டி டியூவோ, ஓனருக்குத் தர வேண்டிய நாள் வாடகையோ, டயரோ, எஃப்சி என்கிற வண்டித் தகுதிச் சான்றிதழோ. டிராப் ஊர்க்கோடியில் இருக்கிற சிறுசேரி என்றால் இன்னும் மோசம். மத்தியான நேரத்தில் ரிட்டன் சவாரி கிடைக்காமல் காலியாகத் திரும்ப வேண்டும்.

இறங்கும் இடத்தை டிரைவருக்கு முன்கூட்டியே காட்டுவதாக 2021 டிசம்பரில் ஓலாவும், 2022இல் ஊபரும் அறிவித்தன. ஆனாலும் கேள்வி நிற்கவில்லை. ரிக்வெஸ்ட் மணி அடித்துச் சில விநாடிக்குள் அமுக்கியாக வேண்டும். யோசிக்க நேரம் கிடைப்பதே அமுக்கிய பிறகுதான். கேஷ் கேட்பதும் இதே வகை. ஆன்லைனில் கட்டிய பணம் கழிவெல்லாம் போக, பிறகுதான் அவர் கணக்குக்கு வரும். கேஸ் பங்க்கில் இன்றைக்கே கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்வதால் நீங்கள் தெருவில் நிற்க வேண்டும் என்று அர்த்தமில்லை. நகராமல் நிற்கிற வண்டி ஒரு விளையாட்டு விளையாடுகிறது: யார் முதலில் கேன்சல் பண்ணுகிறார்களோ அவர் தலையில் அபராதம். மத்திய அரசின் வழிகாட்டுதலில் அது கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய், இரண்டு தரப்புக்கும் பொது. அதனால்தான் அவர் அசையாமல் உங்கள் பொறுமையை அளக்கிறார். போனில் கத்தாதீர்கள். ஆப்பின் சாட்டில் "வர்றீங்களா?" என்று எழுதிக் கேளுங்கள், எழுத்தில் இருக்கும். ஐந்து நிமிட இடைவெளியில் மேப்பை இரண்டு முறை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு கேன்சல் செய்தால், காரணத்தில் "டிரைவர் வரவில்லை" அல்லது "டிரைவர் கேன்சல் செய்யச் சொன்னார்" என்பதை அமுக்குங்கள். அவசரத்தில் பலர் அமுக்குவது "திட்டம் மாறிவிட்டது". அதை அமுக்கியபின் பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்குவது கஷ்டம்.

ஏறும்போது நடக்கும் சண்டை பெட்டியால். இன்று ஓடும் வாடகை கார்களில் பாதிக்கு மேல் சிஎன்ஜி மாதிரிதான் தெரிகிறது. டிக்கியைத் திறந்தால் குறுக்கே ஒரு சிலிண்டர் படுத்திருக்கும். அதன் முன்னால் மிஞ்சுகிற இடத்தில் கேபின் பை இரண்டு நிற்கும், ஃபாரின் சைஸ் பெட்டி நிற்காது. சீட்டில் வைத்தால் கவர் கிழியும் என்று அவர் முணுமுணுப்பார், நான்கு பேர் என்று போட்டிருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். பெரிய பெட்டி இரண்டுக்கு மேல் இருந்தால் எஸ்யூவி போடுங்கள், அல்லது வண்டி கிளம்பும்முன் சாட்டில் "பெரிய பெட்டி 3, கேரியர் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். விமான நிலையத்தில் இது இன்னும் முக்கியம். ஆப் வண்டிகள் ஏறும் இடம் டெர்மினல் வாசலில் இல்லை, மல்டிலெவல் பார்க்கிங்கில் இருக்கிறது. அவ்வளவு தூரம் டிராலி தள்ளிக்கொண்டு போனபிறகு "இது ஏறாது சார்" என்று கேட்டால் யாருக்கும் கோபம் வரும்.

விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. "ஆப்ல கேன்சல் பண்ணிடுங்க, அதே காசு கைல குடுத்துடுங்க." பணிவாகத்தான் கேட்பார். கமிஷன் மிச்சமாவது அவருக்கு. நீங்கள் இழப்பது பயணப் பதிவு, வீட்டுக்கு அனுப்பிய லைவ் லொகேஷன், எமர்ஜென்சி பட்டன், நாளைக்குப் புகார் சொல்வதற்கான அடிப்படை எல்லாம். நம்பர் பிளேட்டைப் பார்த்து ஏறி உட்கார்ந்த பிறகே ஓடிபி சொல்லுங்கள். சொன்னபின் உங்கள் திரையில் பயணம் தொடங்கியதாக வருகிறதா என்று ஒரு பார்வை.

ஏசி விஷயத்தில் எனக்கு இரக்கம் குறைவு. ஏசி கார் என்று காட்டிக் கட்டணம் போட்டால் ஏசி போட வேண்டும், அவ்வளவுதான்.

வெளியூர்ப் பயணம் வேறு உலகம். ஒன்வே டிராப் டாக்சியில் செடானுக்குச் சுமார் 14 ரூபாய் கிலோமீட்டருக்கு, குறைந்தது 130 கிலோமீட்டர், டிரைவர் பேட்டா 400, டோல் தனி என்பதுதான் பரவலாகப் பேசப்படும் ரேட். சென்னையிலிருந்து 140 கிலோமீட்டர் என்றால் 1960, பேட்டாவோடு 2360. தகராறு வருவது கிலோமீட்டரில். கூகுள் 140 என்கிறது, மீட்டர் 158 என்கிறது. வழியில் தாம்பரத்தில் மாமாவை ஏற்றியது, டீக்கு உள்ளூருக்குள் நுழைந்தது எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஓடோமீட்டரைப் படம் பிடித்தால் வாய்ச்சண்டைக்கு வேலையில்லை. வாடகை உங்கள் வாசலிலிருந்தா, இல்லை வண்டி தன் ஷெட்டிலிருந்து கிளம்பித் திரும்புகிறவரை கணக்கிடும் ஷெட் டு ஷெட்டா என்பதையும் புக் பண்ணும்போதே கேளுங்கள். போக வர என்றால் நாளுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டருக்குக் காசு கேட்பார்கள். அறையில் படுத்துக்கிடக்கும் நாளுக்கும் சேர்த்து. இது ஏமாற்று இல்லை, வழக்கம். டோல் அப்படி இல்லை. தேசிய நெடுஞ்சாலையில் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போக வரச் சேர்த்து ஒன்றரை மடங்குதான். இரண்டு மடங்கு கேட்டால் ஃபாஸ்டேக் எஸ்எம்எஸ்ஸைக் காட்டச் சொல்லலாம்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ், அதாவது வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கும் அனுமதி, இருக்கிறது. எடுக்க வேண்டியது டிராவல்ஸா நீங்களா என்று முதல் நாளே பேசாவிட்டால், செக்போஸ்ட்டில் பின்னால் வண்டிகள் ஹார்ன் அடிக்க, போனில் சிக்னலைத் தேடிக்கொண்டு இரண்டு பேரும் முறைத்துக்கொள்வீர்கள்.

மலைக்குப் போய்வந்தவர்கள் "ரெண்டாம் நாள் அந்தாளு மூஞ்சியே சரியில்ல" என்று எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் தோன்றும்: முதல் நாள் ராத்திரி அவர் எங்கே படுத்தார்? பல காட்டேஜ்களில் டிரைவருக்கென்று இடமே கிடையாது. கொடைக்கானல் குளிரில் முன் சீட்டைச் சாய்த்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மூச்சு முட்டாமலிருக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டுப் படுக்கிறார். அந்த ஒரு விரல் வழியாகக் குளிர் உள்ளே வரும். காலையில் ஐந்தரைக்கு "சன்ரைஸ் பாக்கணும், கிளம்புங்க" என்று கண்ணாடியைத் தட்டுகிறோம். சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கொடுத்த 400 ரூபாய் பேட்டாவில் ரூம் போட முடியாது. அறை புக் செய்யும்போதே "டிரைவர் ரூம் இருக்கா, பாத்ரூம் இருக்கா?" என்று கேளுங்கள். கொண்டை ஊசி வளைவில் உங்கள் குழந்தைகளை இறக்கிக் கொண்டுவரப் போகிறவர் அவர்தான். தூங்காத டிரைவரின் கடுகடுப்பைவிட அவருடைய கொட்டாவிக்குத்தான் பயப்பட வேண்டும்.

புகார் செய்யத்தான் வேண்டும் என்றால், "மரியாதையில்லாமல் பேசினார்" என்று எழுதினால் வருவது ஒரு ரெடிமேட் மன்னிப்பு. கூடுதலாக வாங்கிய தொகை, நேரம், ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் வைத்துக் கட்டணப் பிரிவில் போடுங்கள், பணம் திரும்பிவர வாய்ப்பு அதிகம். சவாரி மறுப்புக்குச் சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டம் 178(3). ஆர்டிஓவிடம் வண்டி நம்பரோடு எழுதிக் கொடுக்கலாம். கார் என்றால் 500 ரூபாய் வரை அபராதம். ஆட்டோ என்றால் 50 ரூபாய். ஆமாம், ஐம்பதுதான். அதே ஆட்டோவுக்கு அரசு போட்ட மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12. போட்ட வருடம் 2013.