ஃபிகர்தானே, கடைசியில் பார்த்துக்கலாம்!

சென்னை ஓஎம்ஆர் பக்கம் கிளினிக்கல் சாஸ் வேலை, அதாவது மருந்து ஆய்வு விவரங்களைச் சாஸ் என்ற மென்பொருளில் அலசும் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் இந்த வசனம் தெரிந்திருக்கும். இனி விவரத்தை மாற்ற முடியாது என்று டேட்டாபேஸ் லாக் ஆனதும் எல்லோரும் டேபிள் மேல் பாய்வோம். அப்புறம் லிஸ்டிங், அதாவது நோயாளிவாரியான பட்டியல். ஃபிகர், அதாவது வரைபடம், கடைசியில், புதிதாகச் சேர்ந்த பையனிடமோ பெண்ணிடமோ போகும். "பழைய ஸ்டடி புரோகிராமை எடு, டேட்டாசெட் பேரை மாத்து, ரன் பண்ணு." முடிந்தது கதை. இது தலைகீழ் என்பது என் கட்சி. ஆய்வறிக்கையைக் கையில் வாங்கும் மருத்துவர் டேபிள் 14.2.1 எங்கே என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார், நேராகப் படத்துக்குத்தான் போவார். அவர் மனதில் நிற்பதும் அதுதான்.

துறைக்கு வெளியே இருக்கிறவர்களுக்காகச் சுருக்கமாக: பல நாட்டு மருத்துவமனைகளில் புது மருந்தைப் பரிசோதிக்கிறார்கள், நோயாளிகளின் விவரம் எங்களிடம் வருகிறது. அதை எஸ்டிடிஎம் என்ற பொது வடிவத்துக்கு மாற்றி, அதிலிருந்து ஆடம் என்ற பகுப்பாய்வு டேட்டாசெட்டுகளைக் கட்டி, அதிலிருந்து டேபிளும் படமும் எடுக்கிறோம். 2016 டிசம்பர் 17-க்குப் பிறகு தொடங்கிய ஆய்வுகளின் விவரத்தைத் தரப்படுத்திய வடிவத்தில்தான் தர வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கட்டாயமாக்கிவிட்டது. தப்பு வராமல் இருக்க இரண்டு பேர் தனித்தனியாகப் புரோகிராம் எழுதி, விடையை ஒப்பிடுவோம். எல்லா மதிப்பும் ஒன்றே என்று சாஸின் ஒப்பிடும் கட்டளையான ப்ராக் கம்பேர் சொல்லிவிட்டால் பாஸ்.

ஓட்டை இங்கேதான். ஃபிகர் என்று வரும்போது, படத்துக்கு அடியில் இருக்கும் டேட்டாசெட்டைத்தான் கம்பேர் செய்கிறோம். படத்துக்கு ஒரு நோட்டம்தான். தலைப்பில் எழுத்துப்பிழை இருக்கிறதா, ஃபுட்நோட் ஷெல்லில் (முன்கூட்டியே தரப்படும் மாதிரி வரைவில்) உள்ளபடி இருக்கிறதா, அவ்வளவு.

கப்லான்-மையர் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1958-லிருந்து இருக்கிறது, புற்றுநோய் ஆய்வு என்றால் இது இல்லாமல் நடக்காது. எத்தனை சதவீதம் பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று படிப்படியாக இறங்கும் கோடு. கீழே, அந்தந்த மாதத்தில் இன்னும் கண்காணிப்பில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வரிசை. வலது ஓரத்துக்கு வரும்போது அந்த எண் 4, கோடு 60 சதவீதத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நால்வரில் ஒருவர் இறந்தால் கோடு ஒரே அடியில் 45-க்கு விழும். கடைசியில் ஒரே ஒருவர் மிஞ்சி அவரும் இறந்தால் பூஜ்யம். பாதிக்கு மேல் உயிரோடு இருக்கிற ஆய்வில்கூட, படத்தை மட்டும் பார்த்தால் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை என்று தோன்றும். கணக்கில் ஒரு பிழையும் இல்லை, கம்பேரும் பாஸ். கீழே அந்த வரிசையைப் போட்டோமா, கோட்டை எந்த மாதத்தோடு நிறுத்தலாம் என்று ஸ்டாடிஸ்டீஷியனைக் கேட்டோமா? அதெல்லாம் புரோகிராமர் வேலை இல்லையாம். ஷெல்லில் இருக்கிறதைச் செய்தால் போதுமாம்.

அதே படத்தில் இன்னொரு கண்ணி. ஆய்வை விட்டுப் போனவர்கள், முடியும்வரை ஒன்றும் ஆகாதவர்கள் எல்லாம் சென்சார், அதாவது அதற்குப் பிறகு என்ன ஆனது என்று தெரியாதவர்கள். சிஎன்எஸ்ஆர் என்ற வேரியபிளில் 1 என்று குறிப்போம். சில ஆய்வுகளில் காரணத்தைப் பொறுத்து 1, 2, 3 என்று போகும். பழைய புரோகிராமில் 1 மட்டும்தான் சென்சார் என்று எழுதியிருந்தால், 2-ம் 3-ம் இறந்தவர் கணக்கில் சேர்ந்துவிடும். சாஸ் சத்தமே போடாது. இரண்டு பேரும் ஒரே பழைய புரோகிராமிலிருந்து காப்பி அடித்திருந்தால் கம்பேரும் சிரித்துக்கொண்டே பாஸ் போடும். படத்தைப் பக்கத்து டேபிளின் இறப்பு எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் மாட்டும். யாராவது பார்த்தால்.

ரத்தப் பரிசோதனைக் கோட்டுப்படங்களின் பாடு வேறு. நோயாளி வருவது 0, 2, 4, 8, 24-ஆம் வாரங்களில். எக்ஸ் அச்சில் விசிட் பெயரைக் கொடுத்தால் எல்லாம் சம இடைவெளியில் உட்காரும், மின்சார ரயில் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டேஷன் வரிசை மாதிரி. பதினாறு வாரத்தில் மெல்ல ஏறியது, இரண்டு வாரத்தில் எகிறியது போலத் தெரியும். ஏடிஒய்-ஐ, அதாவது உண்மையான நாளைக் கொடுத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கல்லீரல் படம். கிடைமட்டத்தில் ஏஎல்டி என்ற கல்லீரல் நொதி, செங்குத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி, இரண்டும் இயல்பின் மேல்வரம்புக்கு எத்தனை மடங்கு என்று லாக் அளவில். ஏஎல்டிக்கு 3 மடங்கில் ஒரு கோடு, பிலிருபினுக்கு 2 மடங்கில் ஒரு கோடு. ஒரு நோயாளிக்கு ஒரு புள்ளி. வலது மேல் மூலையில் ஒரு புள்ளி விழுந்தால் போதும், மருந்துக் கம்பெனிக்குத் தூக்கம் போச்சு. மருந்தால் கல்லீரல் செல்கள் கெட்டு, மஞ்சள் காமாலையும் சேர்ந்தால் பத்தில் ஒருவராவது பிழைப்பதில்லை என்று கவனித்தவர் ஹைமன் சிம்மர்மன். அவர் பெயரில்தான் ஹைஸ் லா. இதே விவரத்தைச் சராசரி ஏஎல்டி டேபிளாகப் போட்டால் மருந்துக்கும் டம்மி மாத்திரைக்கும் வித்தியாசமே தெரியாது. ஆயிரம் பேரில் இரண்டு பேர் சராசரியை அசைக்க மாட்டார்கள்.

இப்போது அந்த 'பழைய ஸ்டடி புரோகிராமை எடு' என்பதை இங்கே பொருத்திப் பாருங்கள். பழையதில் அச்சின் உச்சம் 10 என்று கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். புது ஆய்வில் ஒருவருக்கு ஏஎல்டி 14 மடங்கு. அவர் டேட்டாசெட்டில் இருப்பார், படத்தில் இருக்க மாட்டார். எந்த ஒருவரைக் காட்டுவதற்காக அந்தப் படத்தைப் போடுகிறோமோ, அவரையே காணோம்!

மருந்தின் கோடும் டம்மி மாத்திரையின் கோடும் எங்கே பிரிகின்றன என்பதில் எவ்வளவு பெரிய சண்டை வரும் என்பதற்கு வயாக்ஸ் போதும். இதயப் பாதிப்பு கூடுகிறது என்று தெரிந்து 2004 செப்டம்பர் 30 அன்று திரும்பப் பெறப்பட்ட வலி மாத்திரை. 18 மாதத்துக்குப் பிறகுதான் ஆபத்து கூடுகிறது என்று 2005-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரை சொன்னது. சொன்ன புள்ளியியல் சோதனை ஒன்று, செய்தது வேறொன்று என்று தெரிந்து, 2006-ல் அதே இதழ் திருத்தம் போட்டு அந்த 18 மாதக் கணக்கை எடுத்தது. 18 மாதம் வரை பயமில்லை என்பதும், முதலிலிருந்தே பயம் உண்டு என்பதும் மாத்திரை போட்டவருக்கு ஒன்றா?

இதையெல்லாம் விட்டுவிட்டு நம் ஆட்கள் சாஸா, ஆர் (R) என்ற இன்னொரு மென்பொருளா என்று அடித்துக்கொள்கிறார்கள். எந்த மென்பொருளையும் கட்டாயப்படுத்தவில்லை என்று எஃப்டிஏ 2015-லேயே சொல்லிவிட்டது. ஆர் வரட்டும், அதன் படம் வரையும் கருவியான ஜிஜிபிளாட்டில் படம் அழகாகவே வரும். தப்பான படமும் அதே அழகோடு வரும். (வேரியபிள் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக்கூடாது என்ற, எஃப்டிஏவுக்கு விவரம் அனுப்பும் பழங்கால எக்ஸ்பிடி கோப்பு மட்டும் இன்னும் நம்மை விடவில்லை. அது தனிப் புலம்பல்.)

வேளச்சேரியிலும் தி. நகரிலும் இருக்கும் கோர்ஸ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பி.ஃபார்ம், பயோடெக் முடித்த பிள்ளைகள் மேக்ரோ (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சாஸ் நிரல்) எழுதக் கற்றுக்கொண்டு வருகிறார்கள், இன்டர்வியூ கேள்வி-பதில் மனப்பாடம். எங்கேயோ அமெரிக்காவில் நடக்கிற சமாச்சாரம் என்ற நினைப்பு வேறு. காசநோயாளியை வீட்டில் வைத்தே மாத்திரையால் குணப்படுத்தலாமா, சானடோரியத்தில்தான் சேர்க்க வேண்டுமா என்று குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துப் பார்த்த ஆய்வு இதே மெட்ராஸில், 1956-ல் ஆரம்பித்த நிறுவனத்தில் நடந்தது. வீட்டுச் சிகிச்சையே போதும் என்ற முடிவு 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்து, உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. அந்த நிறுவனம் இன்றும் சேத்துப்பட்டில்தான் இருக்கிறது. கோர்ஸின் முதல் நாளில் மேக்ரோவுக்குப் பதில் அந்தக் கட்டுரையைக் கொடுத்து உட்கார வைக்கலாம்.

வேலையிடத்துக்கு நான் கேட்பது சின்ன விஷயம். ஃபிகர் கியூசி (தரச் சோதனை) செய்பவர் செக்லிஸ்டில் டிக் போடுவதோடு விடாமல், 'இந்தப் படம் இன்னது சொல்கிறது, இந்த டேபிளோடு ஒத்துப்போகிறது' என்று இரண்டு வரி எழுதட்டும். எழுத வரவில்லை என்றால் படத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரு ஃபிகருக்கு அரை மணி நேரம் கூடுதலாகும். அதை டைம்ஷீட்டில் எங்கே போடுவது என்று கேட்கும் மேனேஜர்கள், போன டெலிவரிக்கு ஸ்பான்சரிடமிருந்து, அதாவது மருந்துக் கம்பெனியிடமிருந்து, திரும்பி வந்த கமெண்ட்டுகளில் ஃபிகர் பற்றியவை எத்தனை என்று ஒரு தடவை எண்ணிவிட்டு வந்து பேசட்டும்.