அந்தப் பட்டன் எங்க இருக்கு?

ஓவியக் கண்காட்சியில பிரதம விருந்தினர் ஐயா பேசின அந்த வீடியோவை இனி ஆரும் எனக்கு அனுப்பாதேங்கோ. நானும் பாத்திட்டன். பாக்கிறதென்ன, மூண்டாவது வரிசையில இருந்தனான். "இப்பத்தையப் பிள்ளையள் பட்டனை அமத்த, கம்பியூட்டர் படம் கீறிக் குடுக்குது" எண்டு பிரதம விருந்தினர் ஐயா சொல்லேக்க, சிரிச்ச சனத்தில அரைவாசி என்னைத் திரும்பிப் பாத்துத்தான் சிரிச்சது. ஏனெண்டால் அந்தக் கண்காட்சியில டிஜிற்றல் வேலை வைச்சது நான் ஒருத்தன்தான்.

ஐயாவில எனக்குக் கோவமில்லை. மேடையில ஏறினால் ஒரு பகிடி விடத்தானே வேணும். ஒண்டு மட்டும் கேக்கிறன்: அந்தப் பட்டன் எங்க இருக்கு?

நான் வைச்சது 14 செக்கன் அனிமேசன். துலா மிதிச்சு, அதுதான் கிணத்துக்கு மேல நிக்கிற நீட்டு மரத்தில ஏறி முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து, தண்ணி இறைக்கிற காட்சி. சினிமாவுக்கு ஒரு செக்கனுக்கு 24 பிரேம். கையால கீறுறவை கூடுதலா ஒரு படத்தை ரெண்டு பிரேமுக்கு வைப்பினம், அப்ப செக்கனுக்கு 12. பெருக்கிப் பாருங்கோ, 168 படம். தண்ணி அள்ளுற பட்டை வெறுமனே இறங்கேக்க அது தொங்கிற கொடி தளரும், தண்ணியோட ஏறேக்க விறைக்கும். அந்தப் பாரம் கண்ணுக்குத் தெரியோணுமெண்டால் ஏறுற இடத்தில படங்களை நெருக்கிக் கீறோணும், இறங்கிற இடத்தில ஐதாக்கோணும். கம்பியூட்டருக்குப் பாரமெண்டால் என்னெண்டு தெரியாது. உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியாது. எங்கட தோட்டத்தில இப்ப மோட்டர்தான். அம்மப்பாதான் முற்றத்தில ஒரு பூவரசந்தடியைப் போட்டு, 82 வயசில, அதில ஏறி நிண்டு முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து காட்ட வெளிக்கிட்டவர். அம்மா அண்டைக்கு எனக்குப் பேசின பேச்சு ரோட்டுக்குக் கேட்டிருக்கும்.

இதில எங்கயப்பா பட்டன்?

இனி ஆக்கள் வருவினம் எனக்குத் தெரியும். "பிழை விட்டால் உடன அழிக்கலாம்தானே தம்பி." ஓம், அழிக்கலாம். அழிறப்பர் எண்டு ஒரு சாமான் உங்கட கொம்பாஸ் பெட்டிக்குள்ளயும் கிடந்ததுதானே? "ஒறிஜினல் எண்டு ஒண்டு இல்லையே." உங்கட சாமியறையில தொங்கிற லட்சுமி ஒறிஜினலோ? ரவிவர்மா 1894 இல பம்பாயில அச்சகம் துடங்கி அடிச்சு வித்த காலத்தில இருந்து நாங்கள் அச்சுப்படத்துக்குத்தான் கற்பூரம் காட்டுறம். ஒருத்தரும் பூசையை நிப்பாட்டேல்லை. "அப்ப ஏஐ?" அது வேற கதை, அதில எனக்கும் பயமிருக்கு, பேந்து எழுதுறன். ஆனால் நான் அதால செய்யேல்லை. என்ர செக்கண்ட்ஹான்ட் ரப்லெட்டின்ர பேனை முனை ஒரு பக்கம் சரிஞ்சு தேஞ்சு போய்க் கிடக்கு. வந்து தொட்டுப் பாருங்கோ.

பின்னேரங்களில நான் ஒரு பிறின்ற் கடையில நிக்கிறனான். கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா, புடவைக்கடை மலிவு விற்பனை எல்லாம் இந்தக் கைதான். போன மாசம் ஒரு அம்மா வந்தவ. கணவற்ற ஆட்டத்திவசத்துக்குப் படம் வேணும். கையில இருந்தது ஒரேயொரு அடையாள அட்டைப்படம், இடம்பெயரேக்க தண்ணி பட்டு இடது கண்ணும் கன்னமும் கரைஞ்சு போச்சு. மற்றக் கண்ணைத் திருப்பி ஒட்டினால் அஞ்சு நிமிச வேலை. ஒட்டிப் பாத்தன், ஆரோ பொம்மை மாதிரி இருந்தது. பேந்து மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி, அவரின்ர முகத்தைப் பாத்துப் பாத்து ரெண்டு இரவு கீறினனான். அந்த அம்மா வாங்கிப் பாத்திட்டு ஒண்டும் கதைக்கேல்லை. சீலைத் தலைப்பால படத்தைத் துடைச்சவ. அதில தூசி ஒண்டும் இருக்கேல்லை.

அதையும் கம்பியூட்டர்தான் கீறினதெண்டு சொல்லுவியள்.

சரி, சொல்லாமல் விடுவமெண்டு பாத்தன். கண்காட்சியில மற்றவையின்ர வேலைக்கெல்லாம் எண்ணெய் வர்ணம், நீர் வர்ணம் எண்டு அட்டை. என்ர வேலைக்கு "ஏனையவை". ரிவியை வைச்சது தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில. ரெண்டாம் நாள் பதினொரு மணிபோல போறன், திரை கறுப்பு. பிளக்கைக் கழட்டிப்போட்டுக் கேத்தில் குத்தியிருக்கினம். எத்தினை மணித்தியாலம் அப்பிடிக் கிடந்ததெண்டு கேட்டால் ஒருத்தருக்கும் தெரியேல்லை. நானே ரெண்டு பேருக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்திட்டு, பேந்துதான் பிளக்கை மாத்தினனான்.

வீட்டிலயும் இதே கதைதான். தம்பி எஞ்சினியரிங் படிக்கிறான், அவன் லப்டொப்புக்கு முன்னால இருந்தால் படிப்பு. நான் இருந்தால் விளையாட்டு. லண்டன் சித்தி ஒவ்வொரு கிழமையும் "கார்ட்டூன் சோறு போடுமோ" எண்டு கேக்கிறா. லத்வியா எண்ட குட்டி நாட்டுக்காரர், காசு குடுக்காமல் இறக்கிற பிளெண்டர் எண்ட அனிமேசன் மென்பொருளில செய்த படம் 2025 இல ஒஸ்கார் எடுத்தது, சித்தி. சொன்னனான். "அவங்கள் வெள்ளைக்காரர்" எண்டிட்டா. அதுக்கு நான் என்ன செய்யிறது?

கண்காட்சி முடிஞ்ச இரவு அம்மப்பாவுக்கு போனில போட்டுக் காட்டினன். கண்ணாடியைத் துடைச்சுப்போட்டு அஞ்சாறு தரம் பாத்தார். வடிவெண்டு சொல்லேல்லை. "பட்டையைச் சரிக்கேக்க கொஞ்சத் தண்ணி திரும்பக் கிணத்துக்க சிந்தும், அதெங்க?" எண்டார்.

22 படம் திரும்பக் கீறோணும். நேற்று இரவு ஒன்பது படம் முடிஞ்சுது.