கிளேயிடம் விசா கேட்கும் அண்ணைமாருக்கு

முந்தநாள் என்னுடைய பதிவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பாக்கியவான்கள். பவுல் கிளே 1939இல் பென்சிலால் கீறிய 'மறதிக்காரச் சம்மனசு' படத்தைப் போட்டு "எங்கட பேர்ண் ஓவியர்" என்று ஒரேயொரு வரி எழுதியிருந்தேன். உடனே ஒரு அண்ணை வந்தார். "தம்பி, அவர் ஜேர்மன்காரன். சுவிஸ் பாஸ்போட் இல்லாத ஆளை எப்பிடி பேர்ண் ஓவியர் எண்டு எழுதுவீர்? வரலாறு தெரிஞ்சு எழுதும்" என்று வகுப்பெடுத்துவிட்டுப் போனார். அவருக்கு விழுந்த லைக்கில் பாதிகூட அந்தச் சம்மனசுக்கு விழவில்லை.

சரி, வரலாற்றையே கதைப்போம்.

கிளே பிறந்தது 1879 டிசம்பர் 18. இடம் மூன்சன்பூக்சே. பேர்ணுக்குப் பக்கத்து ஊர், எஸ்-பான் ரயிலில் ஏறினால் நாலு பாட்டுக் கேட்டு முடிக்க முன்னம் வந்துவிடும். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் பேர்ண் நகரத்துக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் இங்கே. ஏழு வயதில் வயலின் பழகத் தொடங்கியது இங்கே. பதினொரு வயதுப் பொடியனாக பேர்ண் இசைச் சங்கத்தின் வாத்தியக் குழுவில் வாசித்ததும் இங்கேதான். தாய் ஈடா சுவிஸ் பெண், பாட்டுக்காரி. தகப்பன் ஹான்ஸ் ஜேர்மன்காரர். ஹோஃப்வில் ஆசிரிய கலாசாலையில் பல தலைமுறை சுவிஸ் வாத்திமாருக்குச் சங்கீதம் படிப்பித்தவர். பிள்ளையின் பிரஜாவுரிமை தகப்பன் வழியாக மட்டும் வந்த காலம் அது. வெளிநாட்டவரைக் கட்டிய சுவிஸ் பெண் தன்னுடைய உரிமையையே இழந்துவிடுவாள். ஆகவே பேர்ணில் வளர்ந்த பொடியன் கடதாசியில் ஜேர்மன்காரன்.

பேர்ணுக்குப் பக்கத்தில் பிறந்து பேர்ணில் வளர்ந்தவன் பேர்ண்காரன். இதில் விளங்காமல் இருக்க என்ன இருக்கிறது?

"அவர் தானாகத்தானே ஜேர்மனிக்குப் போனவர்?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். போனார்தான். பதினெட்டு வயதில் மியூனிக்குக்குப் படம் கீறப் படிக்கப் போனார். பிறகு இத்தாலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1902இல் திரும்பிவந்து பேர்ணில் தாய் தகப்பனோடு நாலு வருசம் இருந்தார். 1906இல் பியானோ வாசிக்கும் லில்லியைக் கட்டி மறுபடி மியூனிக். ஊரில் வேலையில்லை என்று வெளிநாடு போனவனெல்லாம் ஊர்க்காரன் இல்லையென்றால் இந்தப் பதிவை வாசிக்கிற முக்கால்வாசிப் பேர் எந்த ஊர்? அதையும் அண்ணை சொல்லட்டும்.

"ஜேர்மன் ராணுவத்தில இருந்தவர்." ஓம், 1916இல் பிடித்துக்கொண்டு போனார்கள். விமான இறக்கைக்கு நிறம் அடித்தார், பிறகு சம்பளக் கணக்கு எழுதினார். அவரோடு 1914இல் துனிசியாவுக்குப் போய்ப் படம் கீறிய அவுகுஸ்ட் மக்கே அதே வருசம் போர்முனையில் செத்துப்போனார். நெருங்கிய கூட்டாளி ஃபிரான்ஸ் மார்க் 1916இல் வெர்டன் போர்முனையில் செத்தார். இதைப் பற்றி எனக்கு இதற்குமேல் வாதம் செய்ய விருப்பமில்லை.

அந்த மியூனிக் வருசங்களில் எனக்குப் பிடித்தது வேறொன்று. லில்லி வீடு வீடாகப் பியானோ படிப்பித்துச் சம்பாதிக்க, கிளே வீட்டில் இருந்து சமைத்தார், மகன் ஃபெலிக்சைக் குளிப்பாட்டினார், வளர்த்தார். குசினிதான் அவருடைய ஸ்டூடியோ. பொடியனுக்குக் கைப்பாவைகள் செய்து கொடுத்தார், பழைய துணி, எலும்பு, கையில் அகப்பட்ட சாமானெல்லாம் போட்டு. அதில் முப்பது பாவை இன்றைக்கும் இருக்கிறது. நான் இந்த நாட்டுக்கு வந்து முதலில் நின்றது ஒரு றெஸ்ரோறன்ட் குசினியில். கோப்பை கழுவுகிற இடத்தில் ஈரக்கையோடு டொச், அதாவது ஜேர்மன் மொழிச் சொற்களை மட்டைத் துண்டில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்துப் பாடமாக்கினவன். பெரிய ஓவியர் என்றால் ஏதோ மாளிகையில் இருந்திருப்பார் என்று நினைத்திருந்த எனக்கு, உள்ளி உரித்த கையால்தான் அந்த ஆள் கோடு போட்டிருக்கிறார் என்று தெரிந்த நாளில் வந்த சந்தோசத்தை எந்த அண்ணையும் வந்து கெடுக்க முடியாது.

பிறகு 1921இலிருந்து பௌஹவுஸ் என்ற ஜேர்மன் கலைப்பள்ளியில் பத்து வருசம் ஆசிரியர், பக்கத்தில் ஓவியர் கண்டின்ஸ்கி. அங்கிருந்து டுசல்டோர்ஃப் கலைக்கல்லூரி. இதெல்லாம் இணையத்தில் கிடக்கிறது, தேடிப் படியுங்கள்.

1933க்கு வருவோம். ஹிட்லரின் நாசிகள் வந்தார்கள், வீட்டைச் சோதனை போட்டார்கள், வேலையைப் பறித்தார்கள். அவரைக் கலீசிய யூதன், அதாவது கிழக்கு ஐரோப்பாவின் கலீசியாவிலிருந்து வந்த யூதன் என்று எழுதினார்கள். அவர் யூதர் இல்லை. ஆனால் லில்லிக்கு எழுதிய கடிதத்தில் என்ன சொன்னார் தெரியுமா? நான் அப்படியொரு யூதனாகவே இருந்தாலும் என் மதிப்போ என் வேலையின் மதிப்போ ஒரு துளியும் குறையாது என்று. அந்த டிசம்பரில் மனைவியோடு பேர்ணுக்குத் திரும்பிவந்தார். 1937இல் ஜேர்மன் அருங்காட்சியகங்களில் இருந்த அவருடைய படைப்புகளில் நூறுக்குமேல் பறிமுதல். பதினேழை 'சீரழிந்த கலை' என்று மியூனிக்கில் கொழுவி வைத்து, சனத்தைக் கூப்பிட்டுச் சிரிக்க வைத்தார்கள்.

அங்கே அந்நியன் என்றார்கள். வளர்ந்த ஊருக்கு வந்தால் இங்கே ஜேர்மன்காரன்.

அந்தக் காலத்தில் ஐந்து வருசம் இங்கே இருந்து காட்டினால்தான் அவர் சுவிஸ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட முடியும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். கிஸ்லர்வேக்கில் மூன்றறை வீடு, அதிலொன்றில் படம் கீறினார். 1939இல் விண்ணப்பித்தார். பொலிஸ் விசாரணை நடந்தது. ஆள் களவெடுத்தவரா குடிகாரரா என்று பார்த்ததோடு விடவில்லை, அவருடைய கலையையும் சந்தேகத்தோடு பார்த்து அறிக்கை எழுதினார்கள். 1940 ஜனவரியில் அந்த விண்ணப்பத்துக்காகத் தன் வாழ்க்கையைச் சுருக்கி எழுதிக் கொடுத்தார். அதன் முடிவில் இருப்பது இதுதான்: இந்த நகரத்தின் பிரஜையாக வேண்டும் என்ற ஆசை மட்டும்தான் இன்னும் நிறைவேறவில்லை. அறுபது வயது மனுசன், உலகம் அறிந்த ஓவியன், தான் வளர்ந்த ஊரிடம் கெஞ்சுகிறான். அதே ஜனவரியில் தொண்ணூறு வயதுத் தகப்பனும் பேர்ணிலேயே செத்துப்போனார், ஜேர்மன்காரராகவே.

ஜூன் 29இல் லொகார்னோவுக்குப் பக்கத்து வைத்தியசாலையில் கிளே இறந்தார். விண்ணப்பம் முடியவில்லை.

"சட்டம் எண்டா சட்டம்தானே, எல்லாருக்கும் ஒரே முறை" என்கிறீர்கள். இதைச் சொல்கிறவர் யாரென்று பார்த்தேன். எங்களைப் போலவே வந்தவர், விசாவுக்குக் கையெழுத்து வைத்துக்கொண்டு திரிந்தவர். சிவப்புப் பாஸ்போட் கையில் வந்ததும் ஆள் வாசலில் நின்று மற்றவர்களை மறிக்கிறார். போன மாதம் எஃப் விசா என்ற தற்காலிக அனுமதியோடு இருக்கிற பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதியதையும் வாசித்தேன் அண்ணை. அன்றைக்கு மரியாதைக்காகப் பேசாமல் இருந்தேன்.

என்னுடைய பிரஜாவுரிமை நேர்காணலை இதுவரை எங்கும் எழுதியதில்லை. எந்தக் கெமைண்டே, அதாவது எந்த ஊர்ச்சபை என்று கேட்காதீர்கள். "எந்தச் சங்கத்தில் உறுப்பினர்?" என்று கேட்டார்கள். கோயில் நிர்வாகத்தில் இருக்கிறேன், திருவிழாவுக்கு அன்னதானம் சமைக்கிற பொறுப்பு என்னுடையது, அக்கம்பக்கத்துச் சுவிஸ் சனமும் வந்து சாப்பிடும் என்றேன். எதிரில் இருந்த அம்மா சிரித்தமுகத்தோடுதான் கேட்டார்: "அது சரி, ஆனால் உண்மையான சங்கம் எதிலாவது?" அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. பக்கத்தில் இருந்த மகள், இங்கேயே பிறந்தவள், என்னைவிட நூறு மடங்கு நல்ல பேர்ண் டொச் கதைக்கிறவள், மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தாள்.

"உன்ர சொந்தக் கோபத்தைக் கொண்டுவந்து கிளேயின்ர தலையில கட்டாதை" என்று ஒருவர் எழுதுவார், அதுவும் தெரியும். கட்டினால் என்ன? அவருக்குப் பாரமாக இருக்காது.

ஏனென்றால் அந்த ஆள் கடைசி வருசங்களில் சுமந்ததைப் பாருங்கள். 1935இல் தொடங்கிய வருத்தம். தோல் இறுகி, தொண்டை இறுகி, சாப்பாடு விழுங்க முடியாத நிலை. இடையில் 1936இல் கிட்டத்தட்ட ஒன்றுமே செய்ய முடியவில்லை. பிறகு, விண்ணப்பம் போட்ட அதே 1939இல் மட்டும் 1253 படைப்புகள். கோடுகள் தடித்துவிட்டன, கறுத்துவிட்டன. 'இன்சுலா டுல்கமாரா' என்ற படத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். சாக்குத்துணியில் பத்திரிகைத் தாளை ஒட்டி அதன்மேல் கீறியிருக்கிறார். ரோசாவும் இளம்பச்சையும் பூசின இடங்களுக்குக் கீழே அச்செழுத்துகள் மங்கலாகத் தெரியும். மேலே தார் ஊற்றினதுபோலக் கறுப்புக் கோடுகள், நடுவில் வெளிறிய ஒரு முகம். எனக்கு ஓவியக் கலைச்சொல்லெல்லாம் தெரியாது. அதற்கு முன்னால் கன நேரம் நின்றிருக்கிறேன்.

அந்தப் படம் எங்கே இருக்கிறது? பேர்ணில். 2005இல் ரென்சோ பியானோ என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு மூன்று அலைபோலக் கட்டிய பவுல் கிளே மையத்தில். ஏறத்தாழ நாலாயிரம் படைப்பு வைத்திருக்கிறார்கள். 12ஆம் இலக்க பஸ்ஸின் நெற்றியிலேயே அவருடைய பெயர் ஓடுகிறது. பக்கத்து ஷொஸ்ஹால்டே மயானத்தில்தான் அவருடைய சாம்பலும் இருக்கிறது. நினைவுப்பொருள் கடையில் அவருடைய படம் போட்ட கோப்பை, குடை, பை. உயிரோடு இருந்தவருக்கு ஒரு கடதாசி கொடுக்க நேரமில்லை, செத்தவரைக் குடையில் அச்சடிக்க நேரமிருக்கிறது. சுவிஸ்காரன் இன்றைக்குக் கூச்சமில்லாமல் "எங்கட கிளே" என்கிறான். அதையாவது விளங்கிக்கொள்ளலாம், அவனுக்கு வியாபாரம். அவனே கேட்காத பாஸ்போட்டை ஒரு தமிழன் கேட்கிறானே, அதுதான் எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பழைய பதிவின் கீழே இனி நான் பதில் எழுதப்போவதில்லை. கேட்க இருப்பதை இங்கே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மையத்துக்குப் போக விரும்புகிறவர்கள் திங்கட்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் உள்ளே அவர்களுக்கென்றே படம் கீறுகிற இடம் இருக்கிறது. "ஜேர்மன்காரன்" என்று மட்டும் எழுதிவிட்டு ஓடுகிற பின்னூட்டங்களை அழித்துவிடுவேன். அண்ணையின் பின்னூட்டமாக இருந்தாலும்தான்.