ஏறுகிறவன் சும்மா வரமாட்டானா?

அக்கா மகனுக்கு 19 வயது. லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. ஆயா முன் சீட்டில் இருந்தால் காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி வரை தேர் நகர்வது போல ஓட்டுவான். ஆயா மடியில் கவுனி அரிசித் தூக்கு இருக்கும், ஒரு பருக்கை சிந்தாது. அதே கார், அதே ரோடு. கூட்டாளிகள் மூன்று பேர் ஏறட்டும், பிள்ளை வேறு ஆளாகிவிடுகிறான்!

போன ஞாயிறு நானும் பின் சீட்டில் மாட்டிக்கொண்டேன். "மிதிடா மாப்ள, அந்த பஸ்ஸ விடாத!" என்று ஒருத்தன். குன்றக்குடி தாண்டியதும் இன்னொருத்தன் ஸ்டியரிங்குக்கு மேலேயே போனை நீட்டி ரீல்ஸ் எடுக்கிறான். முள் 90-ஐத் தாண்டி நடுங்குகிறது. "மெதுவாப் போப்பா" என்றேன். "சித்தி பயப்படுறாங்கடா" என்று ஒரே சிரிப்பு. பயப்படாமல்? எதிரே வருவது லாரி அல்லவா!

அமெரிக்காவில் 2012-ல் வந்த ஓர் ஆய்வு: 16, 17 வயதுப் பிள்ளைகள் ஓட்டும்போது, பெரியவர் இல்லாமல் 21 வயதுக்குட்பட்ட ஒருவர் ஏறினாலே ஓட்டுபவர் உயிரிழக்கும் அபாயம் 44 சதவீதம் கூடுகிறது. மூன்று பேர் என்றால் நான்கு மடங்கு. 35 வயதைக் கடந்தவர் இருந்தால் 62 சதவீதம் குறைகிறது. "பைய போய்யா" என்று ஆயா சொல்வது அவ்வளவு பெரிய விஷயம். ஸ்டியரிங் இவன் கையில், கால் மட்டும் கூட்டாளிகளுடையதா? அவன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

இறங்கியபோது கதவுப் பிடியின் தடம் என் உள்ளங்கையில் சிவந்து கிடந்தது.