பெயர் வெட்டிய டியூபா

தங்கச்சிமடத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் முனியசாமியின் கொட்டகை. பேண்டு செட் சூசை, டியூபா என்கிற பெரிய பித்தளை ஊதுகருவி ஒன்றை, பழையதை, சாக்கிலிருந்து உருவி, பிரித்துப் போட்ட கார்புரேட்டருக்குப் பக்கத்தில் வைக்கிறார்.

முனியசாமி: என்னப்பா இது, அண்டாவுக்குக் குடல் சரிந்த மாதிரி?

சூசை: டியூபாண்ணே. 1835-லேயே பெர்லினில் காப்புரிமை வாங்கின சாமான். சுருட்டி வைத்திருக்கிற குழாயை நீட்டினால் 18 அடி.

முனியசாமி: என் மச்சினன் வத்தைப் படகே அவ்வளவுதான் இருக்கும். சரி, இங்கே எதற்குத் தூக்கி வந்தாய்?

சூசை: பழசு, வாங்கலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள். பிஸ்டன் இருக்கிறதே, உங்களுக்குத்தானே தெரியும். வாய் விளிம்பில் வெளிநாட்டுக்காரன் பெயர் வெட்டியிருக்கிறது பாருங்கள், அதற்கே காசு கொடுக்கலாம். வடக்கே மீரட்டில் செய்தது புதுசாகவே கிடைக்கும்தான், ஆனால் பாம்பன் செட்டுக்காரன் முன்னால் மீரட்டைத் தூக்கிக்கொண்டு நான் எப்படி நிற்பேன்?

முனியசாமி: யமஹா வாங்கேன், ஸ்பேர் கிடைக்கும்.

சூசை: யமஹாவிலும் டியூபா உண்டு. ஆனால் அது 1887-இல் ஆர்கன் பழுது பார்க்கப் போய்த் தொடங்கின கம்பெனி, வண்டி செய்கிற தம்பி 1955-லேயே தனிக்குடித்தனம் போய்விட்டான். ஆர்எக்ஸ் 100 கடையில் டியூபா வால்வு கேட்டால் துரத்துவார்கள். இரண்டு பேருக்கும் சின்னம் மட்டும், தட்டிச் சுருதி பார்க்கிற அந்த மூன்று சுருதிக் கவை.

முனியசாமி: அது சுருதிக் கவையா! இத்தனை வருஷமாக முள்கரண்டி என்றல்லவா நினைத்தேன்.

(பக்கக் குழாயை இழுத்து, பிஸ்டனை அமுக்குகிறார். ‘டப்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘புஸ்’ கூட வரவில்லை.)

முனியசாமி: கம்ப்ரஷனே இல்லை. இரண்டாவது பிஸ்டன் பாதியில் நிற்கிறது, உப்புக்காற்றில் எண்ணெய் காட்டாமல் மூட்டை கட்டி வைத்திருக்கிறான். இங்கே பார், ரோஸ் நிறத்தில் புள்ளி புள்ளியாக. பித்தளையில் துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்பு மட்டும் நிற்கிறது, இதே நோயில் செத்த புரொப்பல்லர் மூன்று அந்த மூலையில் கிடக்கிறது.

சூசை: பெயர் பெரிய பெயர் அண்ணே...

முனியசாமி: பெயரையா ஊதப் போகிறாய்? எடை எவ்வளவு?

சூசை: பத்து கிலோ. தேர்பவனியில் இரண்டு தெரு தாண்டுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். அதற்குத்தான் சூசாபோன் என்று ஒன்று, உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்வது...

முனியசாமி: சூசை போனா? உன் பெயரிலேயே இருக்கிறதா!

சூசை: அது சூசா அண்ணே, அமெரிக்க பேண்டு மாஸ்டர். ஃபைபரில்கூட வருகிறது, எடை குறைவு, ஆனால் பித்தளை நாதம் இருக்காது என்பார்கள்.

முனியசாமி: ஃபைபரா! இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? ஓட்டை விழுந்தால் படகுக்குப் போடுகிற ஃபைபர் மேட்டும் ரெசினும் போட்டு நானே அடைத்துவிடுவேன். பித்தளை வால்வுக்கு மட்டும் நீ மறக்காமல் எண்ணெய் விடு.

சூசை: அப்போ கம்பெனிப் பெயர்?

முனியசாமி: படகுக்குப் பெயர் எழுதுகிற பையன் வெள்ளிக்கிழமை வருவான். எந்த நாட்டுப் பெயர் வேண்டுமோ சொல், கீழே ஐஎன்டி டிஎன் 10 என்று படகு நம்பரும் சேர்த்தே எழுதச் சொல்கிறேன்.