பெரு கேட்காத விசாவைச் செக்-இன் மேசை கேட்கிறது

பெருவுக்குள் யாரை விடுவது என்று முடிவு செய்வது பெரு அரசா, செக்-இன் மேசையில் உட்கார்ந்திருப்பவரா? அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் விசா குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும் நிலையில் இருந்தால், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் சுற்றுலாவுக்குத் தனியாகப் பெரு விசா எடுக்க வேண்டியதில்லை. இது 2017 முதல் நடைமுறையில் இருக்கும் விதி, நேற்று முளைத்ததல்ல.

பெருவின் தலைநகரான லிமாவுக்குப் போக நின்ற என்னிடம், "பெரு விசா எங்கே சார்?" என்றார் செக்-இன் மேசையில் இருந்தவர். அமெரிக்க விசா ஒட்டிய பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். "இது அமெரிக்க விசா, நீங்க போறது லிமா" என்றார். அச்சிட்டு எடுத்துப்போயிருந்த விதியை நீட்டினேன். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். பிறகு விசாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், அதன் ஓரத்தை நகத்தால் நெருடினார், கைப்பேசியில் படமெடுத்து யாருக்கோ அனுப்பினார், பதில் வரும்வரை என் கடவுச்சீட்டைத் தன் விசைப்பலகைக்கு அடியில் செருகிக்கொண்டு அடுத்தவரை அழைத்தார். அந்த அடுத்தவரிடம் இருந்தது ஐரோப்பியக் கடவுச்சீட்டு; ஒரு கேள்வியும் இல்லாமல் போர்டிங் பாஸ் அவர் கைக்குப் போய்விட்டது. பின்னர் வந்த மேற்பார்வையாளர் தூதரகக் கடிதம் எங்கே என்று கேட்க, தேவையே இல்லாத விசாவுக்கு எந்தத் தூதரகம் கடிதம் கொடுக்கும் என்று நான் திருப்பிக் கேட்க, மறுபடியும் முதலிலிருந்து அதே விசா, அதே வெளிச்சம், அதே நகம்.

நுழைவு மறுக்கப்பட்ட பயணியைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பும் அபராதமும் விமான நிறுவனத்தின் தலையில் விழும் என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தானே டைமாட்டிக் என்ற தரவுத்தளம் இருக்கிறது? குடியுரிமை, போகும் நாடு, கையிலுள்ள விசா ஆகியவற்றை உள்ளிட்டால் விடை திரையில் வந்து நிற்கும். அதைத் தட்டிப் பார்க்காமல் ஒரு மனிதரை வரிசையின் ஓரத்தில் குற்றவாளியைப் போல நிறுத்தி வைப்பதற்குப் பெயர் எச்சரிக்கை அல்ல, அலட்சியம்.

இத்தனைக்கும் பிறகு, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாமல் பெருவுக்குள் விடமாட்டார்கள் என்றார் மேசையில் இருந்தவர். பெரு அதை நுழைவுக்குக் கட்டாயமாக்கவில்லை; அமேசான் பகுதிக்குப் போகிறவர்களுக்குப் பரிந்துரைக்கிறது, அவ்வளவுதான். அட்டையைக் கேட்பது, திரும்பி வரும்போது நம் நாடு. இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். அதற்காக எடுத்து வைத்திருந்த அட்டையைக் கொடுத்தால், அதில் அச்சிட்டிருந்த 10 ஆண்டு முடிந்துவிட்டதாம். ஒருமுறை போட்ட ஊசி வாழ்நாள் முழுவதும் செல்லும், பழைய அட்டைக்கும் அதுவே பொருந்தும் என்று சர்வதேசச் சுகாதார விதி 2016 ஜூலையிலேயே மாறிவிட்டது. அதையும் நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது, அவர் நம்பவில்லை.